நானும் உள்ளேதான் இருக்கிறேன்

எதிர்வீட்டு அண்ணன் எங்கள் வீட்டு வாசலைப் படம்பிடித்துப் போட்ட அந்த 19 வினாடி வீடியோவை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள், அதனால் கதை சொல்லப் போவதில்லை. நிறுத்தி ஒருதடவை பாருங்கள், போதும். கிராதிக் கதவு பூட்டியிருக்கிறது, அப்பா கம்பியைப் பிடித்து உலுக்கிக் கத்துகிறார், சரி. அவருக்குப் பின்னால் நைட்டியில் ஒருத்தி நிற்கிறாளே, அது யார்? நான்தான். நானும் உள்ளேதான் இருக்கிறேன். 'பெற்ற அப்பனைக் கூண்டில் அடைத்த மகள்' என்று தலைப்பு வைத்துப் போட்ட எதிர்வீட்டு அண்ணனுக்கு அது மட்டும் கண்ணில் படவில்லை.

அப்பா 31 வருஷம் பஸ் கண்டக்டர். பெரும்பாலும் கடலூர் - பாண்டி ரூட். பகலெல்லாம் சோபாவில் சாதுவாக உட்கார்ந்திருப்பார், சாயங்காலம் அஞ்சு மணியானால் டூட்டி ஞாபகம் வந்துவிடும். டிமென்ஷியா என்கிற மறதி நோய் இருக்கும் நிறையப் பேருக்கு இப்படித்தான், பொழுது சாயச் சாயக் குழப்பமும் கோபமும் ஏறும். "வண்டி கிளம்பப் போவுது, கதவைத் தெறடி" என்பார். என் பேர் தெரியாது, பையைத் திருடிக்கொண்ட யாரோ ஒருத்தி நான். குறுக்கே நின்றால் அடிதான். போன மாசம் என் மூக்குக்கண்ணாடி போனது. பூட்டாமல் விட்ட ஒரே ஒரு நாள், ஆல்பேட்டை தாண்டி பாண்டி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார், ஒரு காலில் செருப்பில்லை. அன்றைக்கு ஏனோ யாரும் வீடியோ எடுக்கவில்லை.

ஒருத்தர் கமெண்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007 சட்டத்தை எடுத்துப் போட்டிருக்கிறார், மூணு மாசம் ஜெயில், அஞ்சாயிரம் அபராதம் என்று. ஐயா, அது வயசானவர்களை எங்கேயாவது விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு. நான் எங்கேயும் போகவில்லை என்பதுதானே உங்கள் வீடியோவிலேயே தெரிகிறது?

இன்னொருத்தர், அன்பாகப் பேசினால் அடங்கிவிடுவாராம். இதில் பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். "நீங்க ரிட்டையர் ஆகி இருபது வருஷம் ஆச்சுப்பா" என்று நான் சொன்ன நாளெல்லாம் அடி வாங்கியிருக்கிறேன். இப்போது வாதம் பண்ணுவதில்லை. பழைய தோல் பையை மாட்டிவிட்டு, தினக்காலண்டர் தாளைக் கத்தையாகக் கையில் கொடுத்து, எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து "பாண்டி ஒண்ணு" என்பேன். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒரு தாளைக் கிழிப்பார். "சில்லறையா குடும்மா." கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒரு ஸ்டாப் விடாமல் வரிசையாக வரும். பெற்ற பெண்ணின் பேர் வராது. பத்து நாளில் ஆறு நாள் இது பலிக்கும். மிச்ச நாலு நாளுக்காகத்தான் பூட்டு.

மாத்திரை கொடுத்துத் தூங்க வைக்கலாமே என்று கேட்கும் மேதைகளுக்கு: டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு மூர்க்கத்தை அடக்கத் தரும் மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் சாவு அபாயம் கூடும் என்று 2005லேயே அமெரிக்காவில் எச்சரிக்கை போட்டுவிட்டார்கள். வேறு வழியே இல்லாதபோது, டாக்டர் பார்வையில், கொஞ்சமாகத் தருவது. மருந்துக்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். போன ஐப்பசியில் மூணே நாளில் அப்பா ஆளே மாறி, சாப்பாட்டுத் தட்டை முகத்தில் வீசினார். நோய் முற்றிவிட்டது என்று சொந்தக்காரர்கள் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். பாண்டிக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்தால் சிறுநீரில் தொற்று. அவருக்கு எரிகிறது, சொல்லத் தெரியவில்லை, அதனால் வீசுகிறார். திடீரென்று மூர்க்கம் கூடினால் முதலில் இதைப் பாருங்கள். திட்ட வந்தவர்களும் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

என் தம்பியும் வீடியோவைப் பார்த்தான். சிங்கப்பூரிலிருந்து ஒரு அழுகிற எமோஜி பொம்மை அனுப்பினான். பேச்சு ஒன்றும் இல்லை, பொம்மை மட்டும். சின்ன வயதில் அவனை அப்பா ஒருநாளும் அடித்ததில்லை, என்னையும்தான். டூட்டி முடிந்து வரும்போது பையின் அடியில் எங்களுக்கு மட்டும் ரெண்டு கடலை மிட்டாய் இருக்கும். அந்தக் கைதான் இது என்பதை ராத்திரியில் தனியாக உட்கார்ந்து மனசுக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எப்படியும் யாராவது கேட்பீர்கள். ஒருதடவை நான் திருப்பி அடித்துவிட்டேன். தோளில். அவர் திகைத்துப் போய், "டிக்கெட் எடுத்துட்டீங்களாம்மா?" என்றார். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அதை வீடியோ எடுத்திருந்தால் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். எடுத்தது அதை இல்லை. எடுத்தது, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அவரோடு சேர்ந்து உள்ளே நின்றதை.

மணி நாலே முக்கால். இன்னும் தாள் கிழித்து வைக்கவில்லை. எதிர்வீட்டு அண்ணா, இன்றைக்கும் எடுப்பதென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் அந்த லைட்டை மட்டும் போடாதீர்கள். வண்டி வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அவர் கதவை அப்படி உலுக்குகிறார்.