பேரைச் சொல்லி முடிக்க விடுங்கவே!

பதிலைக் கேக்க மனசில்லைன்னா எதுக்குவே ‘இப்ப என்ன படிக்கிய?’ன்னு கேக்கணும்? நான் புத்தகத்துப் பேரைச் சொல்லி முடிக்கல, அதுக்குள்ள "பொன்னியின் செல்வன் வாசிச்சிட்டியளா?"ன்னு ஆரம்பிச்சிருதாவ. கவிதை கேட்டாலும் அதுதான். சமையல் குறிப்பு கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாவ போல. திருநெல்வேலி ஜங்ஷன்ல பஸ் ஏறி தென்காசி போய்ச் சேருததுக்குள்ள முடிக்கிற மாதிரி சிறுசா ஒண்ணு சொல்லுங்கன்னா, அதுக்கும் அதேதான். அது 5 பாகம், அண்ணாச்சி!

நாம ஒண்ணு சொல்லிட்டா மட்டும் ஆயிரம் விசாரணை. எத்தனை பக்கம்? படமா வந்திருக்கா? பிடிஎஃப் இருக்கா? பிரியாணிக்கு 300 ரூவா எண்ணி வைக்கும்போது இந்தக் கேள்வி எங்கவே போச்சு?

வண்ணதாசனுக்கு 2016-ல சாகித்ய அகாதெமி விருது கெடச்சப்போ ‘எங்க ஊர்க்காரரு’ன்னு ஸ்டேட்டஸ் போட்ட ஆளுட்ட, கல்யாண்ஜி கவிதை பிடிக்குமான்னு கேட்டேன். "யாரு, புதுசா எழுதுத பையனா?"ங்காரு. ரெண்டும் ஒரே ஆளுதாம்வே!

இந்த இரவல் இருக்கே... அதைச் சொன்னா வயிறு எரியும். "ரெண்டே நாள், தந்துருதேன்"னு ஒருத்தரு எம்புத்தகத்தை வாங்கிட்டுப் போனாரு. ஆடி போச்சு, தைப்பொங்கலும் போச்சு. கடைசில அந்தப் புத்தகத்தை அவரு மச்சினன் வீட்டுலதான் பாத்தேன். அட்டையில டீ டம்ளர் வட்டம், 40ஆம் பக்கத்துல மடிச்ச பஸ் டிக்கெட். மச்சினன்காரரு அதை எடுத்து எங்கிட்டயே நீட்டுதாரு: "அருமையான புத்தகம், ஒருதடவ வாசிச்சுப் பாருங்க. ஆனா பத்திரமாத் திருப்பித் தந்துரணும்!"

முதப் பக்கத்துல எம்பேரு எழுதியிருக்குவே!