ஆசேர் கோத்திரத்து அன்னாள்
கி.மு. 722 வாக்கில் வடக்கு இஸ்ரவேல் ராஜ்யத்தின் தலைநகரான சமாரியா விழுந்ததும் இஸ்ரவேலின் வடக்குக் கோத்திரங்கள் சுவடில்லாமல் போயின, மிஞ்சியது யூதா கோத்திரம் மட்டும்தான் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஏற்க முடியவில்லை. லூக்கா சுவிசேஷத்தில் தேவாலயத்தை விட்டு நீங்காமல் இருந்த முதிய விதவை அன்னாளைப் பாருங்கள். பானுவேலின் மகள், ஆசேர் கோத்திரத்தாள். ஆசேர் வடக்கில்தானே! எஸ்தர் புத்தகத்தில் வரும் மொர்தெகாயை 'யூதன்' என்று சொல்லும் அதே வசனம் பென்யமீனியன், அதாவது பென்யமீன் கோத்திரத்தான் என்றும் சொல்கிறது. அப்போஸ்தலன் பவுலும் பென்யமீன்தான்.

வம்சக் கணக்கை எவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தார்கள் என்பதற்கு எனக்கு மனதில் நிற்பது எஸ்றா 2-ஆம் அதிகாரம். பாபிலோனிலிருந்து திரும்பிய ஓர் ஆசாரியக் குடும்பம். மூதாதை ஒருவர் கிலேயாத்தியனான பர்சிலாயின் மகளைக் கட்டி, அந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார். அப்புறம் வம்ச அட்டவணையில் தேடினால் அவர்கள் பெயர் இல்லை. ஆசாரியப் பணியிலிருந்தே விலக்கிவிட்டார்கள். தேவனுடைய தீர்ப்பை அறிய உதவும் ஊரீம் தும்மீம் உள்ள ஆசாரியன் வரும்வரை, ஆசாரியருக்கே உரிய மகா பரிசுத்தமான காணிக்கை உணவைச் சாப்பிடவும் தடை.