காலடியின் எதிரில் நிற்கும் ஆளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

திருவிழா ஊர்வலத்தில் கம்பு காற்றைக் கிழிக்கிற சத்தம் கேட்டாலே நமக்கு உடம்பு சிலிர்க்கும். சுற்றி முடித்த பிள்ளையிடம், "இந்த இடத்துல ஏன் இடது காலை விலக்குற?" என்று கேட்டுப் பாருங்கள். "மாஸ்டர் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாரு" என்பதுதான் பெரும்பாலும் பதில். சிலம்பத்தில் ஒவ்வொரு காலடியும் எதிரில் ஓர் ஆள் அடிக்க வருகிறான் என்று வைத்து அமைந்தது. அவனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆட்டம்தான்.

தெருவில் நெற்றி உயரக் கம்பு கையில் இருக்காது. கால் இருக்கும்.

தலைக்கு வரும் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பைப் படுக்கையாகப் பிடித்துத் தாங்கினால் மொத்த வேகமும் கம்பிலேயே இறங்கும். சறுக்கினால் விரல் போச்சு. ஒரு முனையை உயர்த்தி, மறுமுனையைத் தோளுக்கு வெளியே தாழ்த்திப் பிடித்தால், ஓட்டுக் கூரையில் மழை வழிகிற மாதிரி அடி வழிந்துவிடும். அதே நேரத்தில் கால் பக்கவாட்டில் ஒரு முழமாவது விலக வேண்டும். வெறுங்கையில் முன்கைக்கும் அதே சரிவுதான். கையைத் தூக்கிவிட்டுக் கால் நின்ற இடத்திலேயே நின்றால், அடுத்த அடி மண்டையில்தான்.

மணிக்கட்டைப் பிடித்தால்? எல்லோரும் நேராகப் பின்னால் இழுப்பார்கள். அது அவன் நான்கு விரலோடும் மல்லுக்கட்டுவது. பிடியின் பலவீனம் பெருவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கிற இடைவெளி. அரை அடி முன்னே போய், உங்கள் முழங்கையை அவன் முழங்கைப் பக்கம் மடக்கி, மணிக்கட்டின் மெலிந்த விளிம்பு அந்த இடைவெளிக்கு நேரே வரும்படி உருட்டி எடுங்கள். வீச்சில் கம்பு திரும்பும்போது மணிக்கட்டு உருள்கிறதே, அதே உருட்டல்தான்.

ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு காலடி போதும். ஜோடியாக நின்று முதலில் மெதுவாக 20 தடவை. பிறகு பிடிக்கிறவர் இறுக்கிப் பிடித்து இழுக்க வேண்டும். அதற்கப்புறம் எந்தக் கை என்று சொல்லாமல் பிடிக்க வேண்டும். பாவம் என்று விட்டுக்கொடுக்கிற ஜோடியால்தான் பாதிப் பயிற்சி வீணாகிறது.

நம்ம கரை மணல் காலுக்கு நல்ல வலு கொடுக்கும். ஆனால் பொலபொல மணலில் பாதத்தை ஊன்றியபடி உடம்பைத் திருப்பினால் விரல் புதைந்து முழங்கால் பிசகும். அங்கே காலைத் தூக்கித்தான் மாற்றி வைக்க வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் சிமெண்டுத் தரையில், செருப்போடு, தினமும் உடுத்துகிற சுடிதாரிலோ கைலியிலோ பழகட்டும்.

குடை கையில் இருந்தால் வீசாதீர்கள், எதிராளி பிடுங்கிவிடுவான். இரண்டு கையாலும் பிடித்துக் குத்துங்கள்.

ஒரு தொடலில் ஆளைச் சாய்க்கிற வர்மம் என்று ஆசை காட்டுகிறவர்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். பதறுகிற நேரத்தில், அசைகிற உடம்பில், விரலளவு இடம் அகப்படாது. கத்தியைக் கண்டால் ஓட்டம்தான், அதில் வெட்கமே இல்லை.

ஆசான்களுக்கு ஒன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டி அடித்தால் அந்த உரிமை துணைக்கு வராது. விழுந்தவன் மேல் இறங்கும் அடியோடு காலடி வரிசையை முடித்துப் பழக்கினால், கை பழகியபடிதான் போகும். அந்த இடத்தில் மூன்று எட்டு பின்வாங்கி, வெளிச்சமும் ஆட்களும் இருக்கிற பக்கம் சத்தம் போட்டுக்கொண்டே ஓடுவதாக முடியுங்கள். அந்த ஓட்டத்தையும் 20 தடவை பழக்குங்கள்.