அப்பாவுக்குப் பணத்தின் மேல் ஆசை இல்லை, பயம்

எங்கள் அப்பாவை உறவில் எல்லோரும் கஞ்சன் என்பார்கள். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களும் உண்டு. எனக்கும் பல வருடம் அந்தக் கோபம் இருந்தது.

சிக்கனம் கொஞ்சம் முற்றினால் கஞ்சத்தனம் என்று நினைத்திருந்தேன். இரண்டும் வேறு. ஸ்காட் ரிக், சிந்தியா கிரைடர், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 13,000 பேருக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டு 2008இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோதுதான் இது புரிந்தது. சிக்கனக்காரருக்குச் சேமிப்பது சந்தோஷம். கஞ்சருக்கோ செலவழிப்பது வலி. அந்த வலிக்குப் பயந்து, தானே வேண்டும் என்று நினைப்பதைக்கூட வாங்காமல் விட்டுவிடுகிறார். அப்பாவை அப்படியே எழுதி வைத்ததுபோல் இருந்தது.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றால், "இன்னும் கொஞ்சம் போகட்டும், தெரியத்தானே செய்யுது" என்பார். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நான்கு வருடம் போயிற்று. படியில் தடுக்கி விழுந்ததை எங்களிடம் சொல்லவே இல்லை. புரை முற்றிக் கெட்டியாகிவிட்டது, முன்பே வந்திருந்தால் சுலபமாக முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பணம் இல்லாமல் இல்லை. பீரோவில் ரொக்கமாகவே வைத்திருந்தார். அதுவும் சும்மா கிடந்து கரைந்த பணம்தான். விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் அதன் மதிப்பு பாதியாகிவிடும். ஆனால் இந்தக் கணக்கை அவரிடம் சொல்லிப் பயனில்லை, பயம் கணக்குக்கு அடங்குவதில்லை.

திட்டினோம், கெஞ்சினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். சிகிச்சைக்கான தொகையை மாதாமாதம் கொஞ்சமாகத் தனிக்கணக்கில் போட வைத்தாள். "இது செலவான பணம், இதை இனிமேல் எண்ணாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அது சேர்ந்த பிறகு அவருக்குக் கொடுக்க வலிக்கவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். கேலிக்குப் பிறகு அவர் கை இன்னும்தான் இறுகும்.

கட்டுப் பிரித்த மறுநாள் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அவளுக்கு ஆறு வயது.

"பாப்பா கன்னத்துல மச்சம் இருக்கா?" என்றார்.

"பொறந்ததுல இருந்தே இருக்குப்பா" என்றேன்.