ஊர்க் கல்லில் இல்லாத விவரம்

முதல் உலகப் போரில் இறந்த ரயில்வே ஊழியர்களின் பெயர்கள் இங்கிலாந்துக் கிராமத்து நினைவுக் கல்லில் இருப்பதைப் பற்றிய கட்டுரைக்கு நன்றி. அந்தக் கற்களில் பெரும்பாலும் பெயர், ராணுவப் பதவி, படைப்பிரிவு அவ்வளவுதான். இறந்தவர் சிக்னல்மேனா, தண்டவாளம் பராமரித்த கேங்மேனா, இன்ஜினில் கரி அள்ளிப் போட்ட ஃபயர்மேனா என்று தெரியாது. ரயில்வே கம்பெனிகள் தனியாக வைத்த நினைவுச் சின்னங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் டெர்பி நகரில் மிட்லண்ட் ரயில்வே கம்பெனி 1921-இல் எழுப்பியதில் மட்டும் 2,800-க்கும் மேற்பட்ட பெயர்கள்! வடிவமைத்தவர் புதுடெல்லியை உருவாக்கிய அதே கட்டிடக் கலைஞர் லட்யன்ஸ். ரயில்வே ஊழியர்களில் சிலர் பிரான்சுக்குப் போயும் தண்டவாளம்தான் போட்டார்கள்; 60 செ.மீ. அகலக் குறும்பாதை ரயிலில் பீரங்கிக் குண்டுகள் போர்முனைக்குப் போனது இவர்கள் உழைப்பில். அப்புறம், ஊரில் அவர்கள் விட்டுப்போன போர்ட்டர், டிக்கெட் வேலைகளைப் பெண்கள் பார்த்தார்கள். அவர்களைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள்.