ஏ சான்றிதழ் படத்துக்கு டிக்கெட் வரி கூடவா?

யு சான்றிதழ் படங்களுக்கு டிக்கெட்டில் வரி குறைவு, ஏ சான்றிதழ் என்றால் கூடுதல் ஜிஎஸ்டி என்று ஒருவர் சொல்லியிருக்கிறார், பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். அது சரியில்லை. ஜிஎஸ்டி டிக்கெட் விலையைப் பொறுத்தது, சான்றிதழைப் பொறுத்ததல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம்.

இந்த எண்ணம் சும்மா வந்ததில்லை. தமிழ்நாட்டில் 2011-க்குப் பிறகு, கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் தமிழ்த் தலைப்போடு யு சான்றிதழும் வேண்டியிருந்தது. அதற்காகவே யு வாங்கப் படக்குழுக்கள் பட்ட பாடு ஊரறிந்தது. ஆனால் 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் அந்தக் கணக்கு மாறிவிட்டது. தணிக்கை வாரியம் யார் பார்க்கலாம் என்று வகைப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஜிஎஸ்டி விகிதத்தை முடிவு செய்வது அதன் வேலை இல்லை.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரே தியேட்டரில், ஒரே விலையில், ஒரு யு படத்துக்கும் ஒரு ஏ படத்துக்கும் எடுத்த டிக்கெட்டுகளைப் பக்கத்தில் வையுங்கள். வரிக்கு முன் 150 ரூபாய் என்றால் இரண்டிலும் மத்திய ஜிஎஸ்டி 13.50, மாநில ஜிஎஸ்டி 13.50 என்றே இருக்கும். ஆன்லைனில் எடுத்ததென்றால் முன்பதிவுக் கட்டணத்தின் வரி தனி, அதை இதோடு சேர்த்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் தனியாக இருக்கும். நான் சொல்வது ஜிஎஸ்டியை மட்டும்தான்.