கடனுக்கு உதவி என்று பெயர் வைக்காதீர்கள்

2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. எங்கள் ஊர் மேலூர்ப் பக்கம், பெரியாறு பாசனத்தின் கடைமடை. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். அதற்குக் கீழே எங்களுக்கு ஒருபோகம்தான், அதுவும் அணையில் இருப்பு இருந்தால். அந்த ஆண்டு நாற்றங்காலோடு வெள்ளாமை முடிந்துபோனது.

பயிர்க்கடனைக் கட்ட அப்பாவுக்கு வழியில்லை. கடன் கொடுத்த இடத்தில் ஒரு யோசனை சொன்னார்கள். பழைய கடனை அடைத்ததாக எழுதிக்கொண்டு, வட்டியையும் சேர்த்துப் புதுக்கடன் போட்டுத் தருகிறோம் என்றார்கள். அப்பா நான்கு இடங்களில் கையெழுத்துப் போட்டார். ஈடாக வைத்திருந்த அம்மாவின் இரண்டு பவுன் சங்கிலி அங்கேயே இருந்தது. பாஸ்புத்தகத்தில் ஒரே தேதியில் ஒரு வரவு, ஒரு பற்று, இரண்டும் ஒரே தொகை. ஊர் திரும்ப பஸ் டிக்கெட்டுக்கு என்னிடம்தான் காசு வாங்கினார். அந்த அலுவலகக் கணக்கிலோ, வறட்சிக் காலத்தில் கடனுதவி பெற்ற விவசாயிகளில் என் அப்பாவும் ஒருவர்.

ஐ.நா. சார்பில் ஆண்டுதோறும் நடக்கும் காலநிலை மாநாட்டுச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாஸ்புத்தகம்தான் கண்முன் வருகிறது.

2009இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் ஒரு வாக்குக் கொடுத்தன. காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க, 2020ஆம் ஆண்டுக்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர் திரட்டித் தருவோம் என்றார்கள். அந்தத் தொகை முதன்முதலாக எட்டப்பட்டது 2022இல், இரண்டு ஆண்டு தாமதமாக. 11,590 கோடி டாலர் என்று, பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓஈசிடி அமைப்பு கணக்குக் காட்டியது. அதில் அரசுகளும் பன்னாட்டு வங்கிகளும் கொடுத்த பொதுப்பணத்தில் 69 விழுக்காடு கடன். திருப்பித் தர வேண்டாத மானியம் 28 விழுக்காடுதான். கடனின் முழுத் தொகையும் உதவிக் கணக்கில் ஏறுகிறது. அது வட்டியோடு திரும்பிப் போவதை அந்தக் கணக்கில் யாரும் கழிப்பதில்லை. புகையை விட்டவர்கள் கடன் கொடுக்கிறார்கள், மழை பொய்த்தவர்கள் தவணை கட்டுகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர் மூழ்கியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பந்தல்குடிக் கால்வாய் நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர். பெரியம்மா வீட்டில் தறிக்குழி கிணறு மாதிரி நிரம்பிக் கிடந்தது. நான் போனபோது பெரியம்மா தறியின் பாவு நூலை விரலால் நீவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இழையிலும் சேறு ஒட்டி, சாயம் இறங்கி, எந்த நிறம் எது என்று தெரியவில்லை. "இதை அறுத்துப் போடுறதைத் தவிர வேற வழியில்லப்பா" என்றார். கால்வாயைப் பேணாமல் விட்டது நம் ஊரின் குற்றம், அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் சூடேறிய காற்று கூடுதல் ஈரத்தைச் சுமந்து கொஞ்ச நேரத்தில் மொத்தமாகக் கொட்டும் என்பதும் அறிவியல். அந்தச் சூட்டை ஏற்றியதில் பெரியம்மாவின் கைத்தறிக்கு என்ன பங்கு?

இந்த மாதிரி இழப்புக்குத்தான் மாநாட்டு மொழியில் 'இழப்பும் சேதமும்' என்று பெயர். கடல்மட்ட உயர்வால் பாதிக்கப்படும் தீவுகளுக்காக ஒரு காப்பீட்டு ஏற்பாடு வேண்டும் என்று வனுவாட்டு நாடு 1991இலேயே கேட்டது. அப்படி ஒரு நிதியம் அமைக்கச் சம்மதம் கிடைத்தது 2022இல், எகிப்தின் ஷர்ம் அல் ஷேக் மாநாட்டில். முப்பத்தோரு ஆண்டுகள். மறு ஆண்டு துபாயில் அதற்கு வாக்களிக்கப்பட்ட தொகை சுமார் 70 கோடி டாலர், உலகம் முழுவதற்கும் சேர்த்து. இடையில் 2015இல் பாரிஸ் உடன்படிக்கை வந்தது. இழப்பும் சேதமும் பற்றிய பிரிவை ஏற்ற கையோடு, அது பொறுப்பேற்புக்கோ இழப்பீடு கேட்பதற்கோ அடிப்படை ஆகாது என்று தனியாக ஒரு பத்தி எழுதி வாங்கிக்கொண்டார்கள். இழப்பீடு என்றால் அது கேட்பவனின் உரிமை. உதவி என்றால் கொடுப்பவனின் மனசு. அந்தச் சொல்லுக்கு அவர்கள் அவ்வளவு பயப்படுவது அதனால்தான்.

செல்லூரில் சேறு காய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 24 ஞாயிறு அதிகாலை அஜர்பைஜானின் பாகு நகர மாநாட்டில் புதிய நிதி இலக்கு முடிவானதாகச் சுத்தியல் தட்டப்பட்டது. 2035க்குள் ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி டாலர். வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி. முடிவெடுப்பதற்கு முன்பே பேச வேண்டும் என்று இந்தியக் குழு கேட்டிருந்தும் வாய்ப்புத் தரவில்லை. தட்டி முடித்த பிறகுதான் அந்தக் குழுவின் சாந்தினி ரெய்னா எழுந்து, இந்த ஆவணம் வெறும் கண்கட்டு வித்தை என்று சொன்னார். அந்தக் காணொளியை நான் மூன்று முறை பார்த்தேன். அரங்கில் எழுந்த கைதட்டல் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்தது, ஆனால் முடிவு மாறவில்லை.

இந்தியாவும்தானே புகை விடுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. மொத்தக் கணக்கில் இன்று நாம் உலகில் மூன்றாம் இடத்தில் இருப்பது உண்மை. தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் ஓர் அமெரிக்கரின் அளவில் நாம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இருந்தாலும் 2021இல் கிளாஸ்கோவில் நிலக்கரியை 'ஒழிப்பது' என்றிருந்ததை 'குறைப்பது' என்று கடைசி நேரத்தில் இந்தியா மாற்றக் கேட்டபோது, சிறு தீவு நாட்டுக்காரர்கள் கலங்கிப்போனதையும் நான் மறக்கவில்லை. ஒரே கால்வாயில் நமக்கும் கீழே மடைகள் இருக்கின்றன. அவர்களுக்குப் போகிற தண்ணீரை நாம் அடைக்கக் கூடாது.

பாகுவில் முடிவான தொகையை அப்பாவிடம் சொன்னேன். முப்பதாயிரம் கோடி டாலர் என்றதும் அவர் வியக்கவில்லை. "வட்டி எவ்வளவாம்?" என்று கேட்டார். அந்த ஆவணத்தில் எவ்வளவு மானியம், எவ்வளவு கடன் என்று பிரித்துச் சொல்லவில்லை என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

2025இல் பிரேசிலின் பெலெம் மாநாட்டில், தகவமைப்புக்கான, அதாவது மாறும் காலநிலையைத் தாங்கி வாழ நம்மைத் தயார்படுத்துவதற்கான நிதியை 2035க்குள் மூன்று மடங்காக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்திருக்கிறார்கள். அடுத்த மாநாட்டுக்குப் போகும் நம் அதிகாரிகளுக்கும், நாடாளுமன்றத்தில் இருக்கும் நம் உறுப்பினர்களுக்கும் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான்: மானியத்தையும் கடனையும் ஒரே வரியில் கூட்டி எழுதும் எந்தக் கணக்கையும் ஏற்காதீர்கள். நம் பெரியம்மாக்களுக்குப் புதுப் பாவு வாங்கப் பணம் வந்தால், அதை அவர்கள் மேல் கடனாக எழுத விடாதீர்கள்.